சாணிச் சுவர்

சத்தியநேசன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

'கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரை, சிவன் கோயில், சுவர் முழுக்கக் கல்வெட்டு' என்று பழைய பட்டியலில் எழுதியிருந்த இடத்தில் ஒரு மாட்டுத் தொழுவம் நின்றது. மேலே பனையோலைக் கூரை. நாலு சுவரிலும் விரல் வைக்க இடமில்லாமல் வரட்டி. முன்மண்டபம் இருந்த இடம் வெறும் பள்ளம். அந்தக் கல்லெல்லாம் போன வருசமே பாலம் கட்ட வண்டியேறிப் போய்விட்டதாம்.

சத்தியநேசன் பாளையங்கோட்டை வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனால் கல்லில் எழுத்தைக் கண்டுவிட்டால் சாமி யாருடையது என்று பார்க்கமாட்டார். கல்வெட்டைப் படியெடுக்கிற சர்க்கார் உத்தியோகம் அவருக்கு. படி மேலிடம் போனால், புதுச் சட்டப்படி கோயிலைக் காப்பாற்ற உத்தரவு வரும்.

ஒரு வரட்டியைப் பெயர்த்தார். அடியில் வட்டெழுத்து, அதன் மேல் புழு நெளிந்தது.

"சீ! ஆயிரம் வருசத்து எழுத்து மேல சாணியா?"

பக்கத்துக் குடிசையிலிருந்து இசக்கித்தாய் சாணிக் கையோடு ஓடி வந்தாள். "ஐயா, அதைப் பேக்காதீங்க. நாஞ் சொல்லுததைக் கொஞ்சம் கேளுங்க."

"என்னத்தைக் கேக்க? கோயில்ல மாட்டைக் கட்டுதியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?"

உள்ளே எட்டிப் பார்த்தார். மாடு இல்லை, மாடு கட்டுகிற முளைகூட இல்லை. மேயப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வாங்க ஐயா. இன்னைக்கு வண்டிக்காரங்க இங்கனதான் சுத்துதாங்க."

"நாளைக்கு மட்டும் மணக்குமோ? இனி வாயைத் திறந்தே, ஜெயில்ல தள்ளிப்போடுவேன்!"

அவள் பின்வாங்கினாள். கூட வந்த கூலியாட்கள் கூரையைப் பிரித்தார்கள். வரட்டியைச் சுரண்டிக் குவித்து, ஆற்றுத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார்கள். இசக்கித்தாய் தள்ளி நின்று கண்ணீர் விட்டாள். வரட்டிக்காக அழுகிறவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அருவருப்புத்தான் கூடியது.

மதியத்துக்குமேல் சுவர் பளிச்சென்று ஆனது. ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றினார். கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. நாள் முழுக்க நாற்றத்தில் நின்றது வீண்போகவில்லை என்று அவருக்குச் சந்தோஷம்.

படியைச் சுருட்டும்போது வண்டிச் சத்தம் கேட்டது. நாலு மாட்டுவண்டிகள் வந்து நின்றன. முன்வண்டியிலிருந்து தளவாய் இறங்கினார். பாலத்துக்குக் கல் சேர்க்க இந்த வருசம் வள்ளியூரிலிருந்து வந்திருக்கும் கண்டிராக்டர். சுவரைச் சுற்றி வந்து, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"கையை எடும்வே!" என்றார் சத்தியநேசன். "இந்தக் கோயிலைக் காப்பாத்தச் சர்க்கார் உத்தரவு வருது."

"வந்துட்டா?"

"மூணு மாசத்துல வந்துரும்."

இசக்கித்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தளவாய் சிரித்தபடி வண்டிக்காரர்களைப் பார்த்துக் கைகாட்டினார்.

"ஏலே, கடப்பாரையை எடுங்கலே! இம்புட்டு நாளும் இதைத் தொழுவம்னுல்லா விட்டு வச்சிருந்தோம்!"