முதல் பெயர்

மச்சான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுகிற வரைக்கும் அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை.

தட்டில் வெற்றிலை, பாக்கு. நடுவே பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள்.

வீட்டிலேயே அடித்த பத்திரிகை. அதில்தான் அவருக்குச் சம்மதமில்லை.

சிவகாசி கூப்பிடு தூரம். ரெடிமேட் கார்டு கடை கடையாக அடுக்கிக் கிடக்கிறது. மயில் போட்டது, ஜிகினா ஒட்டியது, பிரித்தால் பாட்டுப் பாடுவதுகூட உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு மருமகள் செண்பகம் அச்சடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கி வந்து அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தாள். தோசை சுடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

ஊர் சிரிக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"கடைக் கார்டுன்னா எல்லாருக்கும் ஒண்ணேதான் மாமா" என்றாள்.

இது என்ன பேச்சு? பத்திரிகை என்றால் எல்லாருக்கும் ஒன்றேதானே?

மேலே இருப்பது இன்னாருக்கு, கீழே இருப்பது இன்னாருக்கு, மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள் என்று வேறு நாலு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். படித்த பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு தொணதொணப்பு.

மச்சான் ஜெகவீரன் பத்திரிகையைப் பிரித்தார். சாமி படத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை பெயரைப் பார்க்கவில்லை. விரல் நேராக, மாமன்மார் பெயர் போட்டிருக்கிற அடிவரிக்குப் போனது.

"ஜெகவீரன், பொன்னையா."

வாய்விட்டு வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"ஏ, மாப்ளைக்குக் காப்பியப் போடு!"

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஜெகவீரனும் பொன்னையாவும் இரட்டைப் பிள்ளைகள். அவர் மனைவிக்கு அண்ணன்மார். முந்தி விழுந்தது யார் என்று சொல்லத் தாயும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. நான்தான் மூத்தவன் என்று இரண்டு பேரும் நிற்பார்கள்.

அவர் மகன் கல்யாணப் பத்திரிகையில் பொன்னையா பெயர் இரண்டாவதாக விழுந்தது. தாலி ஏறுமுன்னே மண்டபத்தை விட்டு இறங்கிப் போன மனுஷன். அன்றிலிருந்து ஒருத்தர் வருகிற வீட்டுக்கு இன்னொருத்தர் வருவதில்லை. ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சும் இல்லை.

"நான் செத்தாத்தான் ரெண்டு பேரும் சேந்து கோடிச் சேல எடுத்துட்டு வருவாங்க போல" என்று அவர் மனைவி நேற்றுக்கூடச் சொன்னாள். அழவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

அடுத்த தெருவில் பொன்னையா வீடு.

வாயால் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று வாசலில் நின்று யோசித்தார்.

பத்திரிகை வைக்காத அழைப்பு ஒரு அழைப்பா?

தட்டை நீட்டினார். கிழித்து எறிந்தால் பொறுக்குவதற்குத் தோதாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பொன்னையாவின் விரலும் அடிவரிக்குத்தான் போனது.

"பொன்னையா, ஜெகவீரன்."

தனக்குக் காது போய்விட்டதா என்று அவர் நினைத்தார். எட்டிப் பத்திரிகையைப் பிடுங்கினார். இரண்டாங்கிளாஸ் படிப்பு. எழுத்து எழுத்தாகத்தான் கூட்டவேண்டும்.

பொ. ன். னை. யா.

அதற்குப் பின்னால்தான் மற்றவர்.

அடி கெட்டிக்காரி.

"என்ன மாப்ள, குடுத்தத புடுங்குறீங்க?"

"இல்ல மச்சான். மஞ்ச வச்சிருக்கான்னு பாத்தேன்."

வழியெல்லாம் அதே நினைப்பு. ஒரே ஒரு கார்டுக்காக எந்த அச்சாபீஸ்காரன் பெயரை மாற்றிப் போடுவான்? பைத்தியமா என்று கேட்பான். இவள் தோசையைத் திருப்புகிற மாதிரி திருப்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து வெறும் தட்டைச் செண்பகத்திடம் நீட்டினார். யாரையும் முகத்துக்கு நேரே மெச்சிப் பழக்கமில்லை.

ஆனாலும் விசேஷம் இனிமேல்தானே. இரண்டு பேரும் வருவார்கள். எவனாவது இரண்டு பத்திரிகையையும் சேர்த்து வைத்துப் பார்ப்பான். சாயம் வெளுத்துவிடும்.

காதுகுத்து அன்று மண்டபத்திலும் அவள் கடைச் சாமான் எதையும் மாட்டவிடவில்லை. பிளக்ஸ் இல்லை. ஜிகினாத் தோரணம் இல்லை. சொந்தக்காரர் ஒவ்வொருத்தர் பெயரையும் ஒவ்வொரு கலர்க் காகிதத்தில் பெரிதாக அடித்து, மாவிலை மாதிரி வெட்டி, கயிற்றில் கோத்திருந்தாள். கயிறு நடுமண்டபத்து நாலு தூணையும் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே முடிச்சாகியிருந்தது.

"எங்கிட்டுத் தாயி ஆரம்பிக்குது?"

"நீங்க நிக்கிற எடத்துலருந்து படிங்க மாமா."

ஜெகவீரன் கிழக்கு வாசலில் நுழைந்தார். எதிரே அவர் பெயர்.

பொன்னையா மேற்கு வாசலில் நுழைந்தார். எதிரே அவர் பெயர்.

இரண்டு பேர் சட்டைப்பையிலும் பத்திரிகை நீட்டிக்கொண்டிருந்தது.

தன் பெயரைப் பார்த்த திருப்தி கொஞ்ச நேரம். பிறகு மற்றவன் பெயர் தனக்கு முன்னாலா பின்னாலா என்று பார்க்கவேண்டாமா? இரண்டு பேரும் அண்ணாந்தபடியே கயிற்றோரமாக நடந்தார்கள். ஒருத்தர் இந்தப் பக்கமாக. ஒருத்தர் அந்தப் பக்கமாக.

தெற்குத் தூணில் தோளோடு தோள் மோதியது.

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கண்ணு தெரியலையாடா ஒனக்கு?"

"ஒனக்கு மட்டும் ரொம்பத் தெரியுதாக்கும்."

இரண்டு பேரும் மறுபடி அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார்கள். நகரவில்லை.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். யாரையும் கூப்பிடவில்லை. பந்திப் பாயைத் தட்டி விரித்து, இரண்டு இலைகளை ஒன்றையொன்று தொடும்படி போட்டாள்.

அவர் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதைக் கீழே வைத்து, உள்ளங்கை இரண்டிலும் தண்ணீரை ஏந்தி, இரண்டு இலைகளிலும் ஒரே சமயத்தில் தெளித்தார்.