ஒன்பதாவது பூச்சி

ஒரு வீட்டுக் கூடத்தில் டியூப்லைட்டை ஒட்டி ஒரு பல்லி குடியிருந்தது. விளக்கைப் போட்டால் பூச்சிகள் தானாக வந்து விழும். வாயைத் திறந்தால் போதும். தின்று தின்று வயிறு பானையாகிவிட்டது. ஒருநாள் கால் பிடி நழுவி, வீட்டுக்காரர் தலையில் பொத்தென்று விழுந்தது.

அவர் பதறிப்போய்க் காலண்டரைத் திருப்பிப் பல்லி விழும் பலனைப் பார்த்தார். "தலையில விழுந்தா கலகமாம்! இன்னொரு தடவை விழட்டும், விளக்குமாறுதான்!"

மூச்சு வாங்க ஏறிவந்த பல்லி, மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தியிடம் அழுதது. "சுவரே என்னைத் தாங்க மாட்டேங்குது தங்கச்சி."

"தினம் கூடத்தை நாலு சுத்து சுத்திட்டு வந்து சாப்பிடுக்கா. நீ தின்னுற ஒவ்வொரு பூச்சிக்கும் நான் ஒரு காலை மடக்குவேன். எட்டும் மடங்கினா வாயை மூடிடணும்."

சிலந்தி நூலில் தொங்கியபடி தினமும் எண்ணியது. மழை விட்ட ஒரு மாலை ஈசல் மொய்த்தபோது பல்லி கெஞ்சியது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"எனக்கு ஒன்பதாவது கால் இல்லையேக்கா."

பல்லி முனகிக்கொண்டே நடக்கப் போனது.

இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்காரர் தலைக்கு மேலேயே சீலிங்கில் பல்லி தலைகீழாக ஓடியது, வழுக்கவில்லை. அதே வேகத்தில் வலையருகே வந்து நின்றது. சிலந்தி எட்டுக் காலையும் ஒடுக்கி நடுங்கியது.

அப்போதுதான் பல்லிக்கு உறைத்தது. பல்லிக்குச் சிலந்தியும் இரைதான். அது தெரிந்தேதான் சிலந்தி இத்தனை நாளும் தன்னை ஓடப் பழக்கியிருக்கிறது.

வாயில் கவ்வியிருந்த கொழுத்த ஈசலை மெதுவாக வலையில் வைத்தது.

"இது ஒன்பதாவது, தங்கச்சி. உனக்கு."