ஏழாயிரத்துப் பந்தயம்

"ஏழாயிரம்!" என்றான் ரெஜின்.

"ஆறாயிரம். அதுக்கு மேல ஒரு சுத்துகூட கிடையாது" என்றார் அப்பா மரியஅந்தோணி.

தெருவில் போகிறவர்களுக்கு மாட்டு வியாபாரம் மாதிரி இருந்திருக்கும். மன்னார்குடியில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்பாவும் அவர் மகனும், ஒரு பழைய மாருதி காரின் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றலாம் என்று மூன்று நாளாக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

ரெஜினுக்கு ஷார்ஜாவில் மெக்கானிக் வேலை. ரெண்டு மாச லீவில் வந்தவன், அந்த மாருதியை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு ரேஸ் காராக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் பத்து ரவுண்டுப் போட்டி.

"ஏழாயிரத்துல கியரை மாத்தினாத்தான்ப்பா வண்டி பறக்கும். நூறு தள்ளி கட் வெச்சுடுங்க, போதும்."

கட் என்பது ஒரு சின்னப் பெட்டி. வைத்த அளவைத் தாண்டினால் எஞ்சினைத் திக்கவைத்து அடக்கிவிடும்.

"பறக்கும்டா, பிஸ்டன் பறக்கும்! ஆறாயிரத்துக்கு மேல வெறும் கத்தல்தான், இழுவை இல்ல. இழுவை குறையுறதுக்குள்ள கியரை மாத்துடான்னா கேக்குறியா?"

"நீங்க டிராக்டர்காரர். உங்களுக்கு ரெண்டாயிரமே ஜாஸ்தி."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை லியாகத் அலி பக்கென்று சிரித்துவிட்டார். வந்ததே கோபம் அப்பாவுக்கு!

"சரிடா, ஏழாயிரமே வெச்சுக்க. பந்தயம்! பத்து ரவுண்டு எஞ்சின் தாங்கிடுச்சுன்னா நீ ஆசைப்பட்ட மாதிரி ஷார்ஜாவை விட்டுட்டு இங்கேயே கார் ஷெட் போடு, நான் வாயே திறக்கல. நடுவுல புட்டுக்கிச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பிடணும். பாய், நீங்கதான் சாட்சி."

"கிளம்புறேன்!" என்றான் ரெஜின். ஷார்ஜா என்றாலே அவனுக்குக் கசப்பு.

அம்மா ஃபிளோரா ராத்திரி சோறு போடும்போது கரண்டியை ணங்கென்று வைத்தாள். "பெத்த பிள்ளையை விரட்டுறதுக்குப் பந்தயம் கட்டுற அப்பாவை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அப்பா ரசம் கேட்டார்.

தங்கை லின்சிக்குத்தான் கொண்டாட்டம். பிளஸ் டூ மாணவி என்று பேர்தானே தவிர, முழுநேரத் தொழில் மிமிக்ரி. மறுநாளே பள்ளிக்கூடத்தில் மொத்தச் சண்டையையும் ஒற்றை ஆளாக நடத்திக் காட்டினாள். "பிஸ்டன் பறக்கும்டா!" அப்பா. "அட, நானா சாட்சி? எனக்குக் கடை இருக்குங்க!" பாய். கடைசியில் மாருதி. ஆறாயிரம் என்றால் தொண்டையிலிருந்து உறுமல். ஏழாயிரம் என்றால் மூக்கிலிருந்து ஊளை. அண்ணன் மூன்று நாளாக ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துக் காட்டியதில் ரெண்டுமே அவளுக்கு மனப்பாடம். ஊளை வந்ததும் கணக்கு டீச்சரும் வந்துவிட்டார். அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை அப்பாவே உட்கார்ந்து கட் வைத்தார். பக்கத்தில் ஒரு டிராக்டர் டபடபவென்று ஓடிக்கொண்டிருக்க, ரெஜின் மாருதியின் ஆக்சிலேட்டரை மிதித்தான். சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் ஏழாயிரத்து நூறைத் தொட்டதும் எஞ்சின் திக்கியது.

"கரெக்ட்டா இருக்குப்பா!"

"அனுபவி" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பாயையும் ஏற்றிக்கொண்டு வேன் பிடித்துப் போனார்கள். அம்மா ஜெபமாலையை உருட்டினாள். லின்சி வேலியில் தொற்றிக்கொண்டாள்.

முதல் ரவுண்டு. ரெஜினின் மாருதி அவளைக் கடக்கும்போது கியர் மாறியது. தொண்டை!

'என்னடா இது?' என்று நினைத்தாள். அடுத்த ரவுண்டு. தொண்டை. அதற்கடுத்தது. அதுவும் தொண்டை. மூக்கு வரவே இல்லை. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

பத்து ரவுண்டும் முடிந்தது. பன்னிரண்டு காரில் மூன்றாவதாக வந்தான் ரெஜின். எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் கசிவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"பாத்தீங்களாப்பா? ஒவ்வொரு கியரும் ஏழாயிரத்துல மாத்துனேன்! ஒண்ணும் ஆகல!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தோத்துட்டேன்டா. நீ சொன்னதுதான் சரி. பாய், ஊர்ல யார் கேட்டாலும் சொல்லிடுங்க."

"சொல்லாம?" என்ற பாய், ரெஜினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா அழுதாள். ரெஜின் அப்போதே ஷெட்டுக்கு இடம் பார்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

லின்சி அப்பாவின் சட்டையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்தாள்.

"அப்பா, அது ஏழாயிரம் இல்ல. ஆறாயிரம்."

"எது?"

அவள் தொண்டையிலிருந்து உறுமிக் காட்டினாள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "கத்தாதடி கழுதை. மீட்டருக்குப் பின்னாடி ஒரு குட்டித் திருகு இருக்கு. கொஞ்சம் திருப்பி வெச்சா, எஞ்சின் ஆறாயிரம் சுத்துறப்ப முள்ளு ஏழாயிரம்னு காட்டும். கட்டையும் அதே கணக்குல வெச்சு, சத்தம் அவனுக்குப் பிடிபடாம இருக்க டிராக்டரை ஓடவிட்டேன்."

லின்சி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நிஜமாவே ஏழாயிரத்துல விட்டிருந்தா எஞ்சின் புட்டுக்கிட்டிருக்குமே. பந்தயத்துல நீங்க ஜெயிச்சிருக்கலாமே?"

"ஜெயிச்சிட்டு? மறுபடியும் திருச்சி ஏர்போர்ட்டுல நின்னு அவனுக்கு டாட்டா காட்டவா?"