ஊதாக் குச்சிகள்

"கிருமி இருக்கு. அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள் ஆய்வகக்காரி, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கிருமி என்றாலே ஆகாதவள் இந்த நர்ஸ். கத்தி, கத்தரிக்கோல், மேஜை என்று கண்ணில் பட்டதையெல்லாம் மருந்து போட்டுத் துடைத்துத் தீர்ப்பவள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'சோப்பு' என்றுதான் பெயர்.

அப்பேர்ப்பட்டவளுக்கே அந்தத் தொல்லை வந்தது. வெள்ளைப்படுதல், கூடவே மீன் வாடை. மாத்திரை போட்டால் போகும். போன வேகத்தில் திரும்பி வரும்.

சுத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினாள். தியேட்டரில் தோலைத் துடைக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, காலையும் மாலையும் யோனிக்குள் விட்டுக் கழுவினாள்.

வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. அதை மறைக்க உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டாள். இரவில் கணவன் பக்கத்தில் வந்தால், தலைவலி என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாவம், அந்த மனிதர் தைலமாக வாங்கிக் குவித்தார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் சாம்பிளைத் தானே எடுத்து, 'வார்டுல ஒரு அம்மாவோடது' என்று புளுகித்தான் முதல் தடவை இங்கே கொண்டுவந்தாள்.

"அங்க குடியிருக்க வேண்டிய நல்ல கிருமியை எல்லாம் கழுவியே விரட்டிட்டாங்க" என்றாள் அன்று ஆய்வகக்காரி. "பாலைத் தயிராக்குதே, அதுக்குச் சொந்தக்காரங்க. அதுங்களோட புளிப்பு இருந்தாத்தான் கண்டதும் உள்ள நுழையாது. டாக்டர் குடுத்த மாத்திரையை முழுசா முடிக்கச் சொல்லு. உள்ள எதையும் ஊத்த வேணாம்னு சொல்லு அந்த அம்மாகிட்ட."

கழுவுகிற மருந்து பாட்டிலைத் தொடாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இன்று அதே 'அம்மா'வின் பேரில் மறுபடி சாம்பிள் கொண்டுவந்திருந்தாள். இப்போது அவளும் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள்.

செல்களைச் சுற்றிலும் சாயம் ஏறி ஊதா ஊதாவாகக் குச்சிகள், அந்த நல்ல கிருமிகள். போன தடவை செல்களின்மேல் பொடி தூவியதுபோல அப்பியிருந்த கூட்டம் போன இடம் தெரியவில்லை.

ஜெயித்துவிட்டாள். கிருமியை ஒழித்து அல்ல, குடியமர்த்தி. கண் கலங்கியதில் குச்சிகள் மங்கின.

"இந்தக் கண்ணாடித் துண்டை நான் வெச்சுக்கறேன். நல்லா இருந்தா எப்படி இருக்கும்னு புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும். அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு."

நர்ஸ் நிமிர்ந்தாள்.

"கேட்க வேணாம். அது நான்தான்."

இத்தனை நாள் மறைத்தது, சத்தமாகவே வெளியே வந்தது.

ஆய்வகக்காரி கண்ணாடித் துண்டைப் பெட்டியின் முதல் வரிசையில் செருகினாள்.

"தெரியும், சோப்பு. கொஞ்ச நாளா நீ வர்றதுக்கு முன்னாடி உன் சென்ட் வர்றதில்லையே."