கடல் பக்கத்து அறை

“ரூம் கடல் பக்கம் வேணுமா, தோட்டத்துப் பக்கமாம்மா?”

கிருஷ்ணகிரி டிராவல்ஸ்காரர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்றில் வெள்ளை வெளேரென்று ஒரு ஓட்டல். சுமலதா கணவனைப் பார்த்தாள். பிரேம்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடல் பக்கமே போடுங்கண்ணா.”

“போட்டாச்சு. எதுக்குப் போறீங்க?”

“கல்யாண நாளுக்கு.”

“எத்தினி நாள்?”

“ஏழு.”

“டிபன்?”

“ரூமுக்கே வந்துடும்.”

“இதேதான். விசா ஆபீஸ்ல கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். விசா கைக்கு வந்ததும் நான் ரூமை கேன்சல் பண்ணிடுவேன். அங்க இறங்கினதும் தக்காளித் தோட்டத்து வண்டி வந்து வேலைக்குக் கூட்டிட்டுப் போவும். தங்குற ஷெட்டுல ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி. மூணு வருசத்துக்கு ஊருக்கு வர முடியாது.”

போச்சம்பள்ளி கம்பெனியில் வேலை போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிரேம்குமார் இதற்கும் ஆட்டினான்.

சுமலதா தன் செல்போனை நீட்டினாள்.

“கேன்சல் பண்றதுக்கு முன்னாடி அந்த ரூம் போட்டோவ இதுல அனுப்பிடுங்கண்ணா. பாப்பா போன்ல கேட்டா, அம்மா இங்கதான் இருக்கேன்னு காட்டணும்.”