இரண்டு டெல்சிகள்

பாம்பனில் மத்தியானக் காற்று சன்னலை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. கணினித் திரையில் உப்புப் படலம். கணிதக் கட்டுரைகளை எல்லா நூலகங்களும் பகிர்ந்துகொள்ள, பதிவின் எந்தக் கட்டத்தில் எந்த விவரம் வரவேண்டும் என்று விதி எழுதுவது டெல்சியின் வேலை. ஆசிரியர் பெயர்க் கட்டத்தைச் சோதிக்கத் தன் பெயரையே தட்டுகிறாள். திரையில் இரண்டு பேர் வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா அருளானந்தத்தின் தலைப்பெழுத்தோடு எழுதிய அ. டெல்சி, பின்னால் கணவர் பிரிட்டோவின் எழுத்தோடு எழுதிய பி. டெல்சி. அவள் நிறுவிய தேற்றத்தின் முதல் பாதி ஒருத்தியிடம், மறுபாதி இன்னொருத்தியிடம். கீழே, ‘இருவரும் சேர்ந்து எழுதியவை: இல்லை’ என்றிருக்கிறது. வாசலில் கூடையோடு ஜோதிமேரி மதினி வந்து நிற்கிறாள். “என்னடி, மீன் ஏலத்துக்கு வரலையா?” “ஒருத்தியத் தேடிக்கிட்டு இருக்கேன் மதினி.” “யார?” “என்னையத்தான்.” “கட்டிலுக்கு அடியில பாரு, கெடப்ப.” மதினியின் சிரிப்பு மணலில் இறங்கித் தேய்ந்ததும், டெல்சி ‘இருவரும் ஒருவரே’ என்ற பொத்தானை அழுத்துகிறாள். இருவருடைய சம்மதமும் வேண்டும் என்பது அவளே எழுதிய விதி. கணினி இரண்டு கடிதங்கள் அனுப்புகிறது. ஒன்று உடனே வந்துவிடுகிறது. ஆமாம் என்று பதில் போடுகிறாள். மற்றது, அவள் படித்த கல்லூரி எப்போதோ மூடிவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கிறது. திரையில் ஒரு வரி மட்டும் நிற்கிறது: ‘அ. டெல்சியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.’