விருமாண்டியின் நாக்கு

"கண்ணக் கட்டு அண்ணே! தொறந்த கண்ணோட குடிச்சா, கலயத்துல இருக்க குறியப் பாத்துட்டு ஒம் மச்சினன் பக்கம் சாஞ்சிருவ" என்றாள் ராமக்காள்.

"காதையும் சேத்துக் கட்டுங்கப்பா. மதினி போடுற சத்தத்துல கள்ளு நுரையெல்லாம் அடங்கிரும் போலருக்கு" என்றார் காசிமாயன்.

கூட்டம் சிரித்தது. உசிலம்பட்டி ரோட்டில் விருமாண்டி குத்தகைக்கு எடுத்திருந்த கள்ளுக்கடையின் முன்னால், புங்கமர நிழலில் பாதி ஊர் கூடியிருந்தது. விருமாண்டி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணைக் கட்டத் தன் துண்டையே எடுத்துக் கொடுத்தார்.

அவருக்கு ஒரே மகள், சின்னத்தாய். அவளைத் தங்கை ராமக்காள் தன் மகன் நல்லகாமனுக்குக் கேட்டாள். இறந்துபோன மனைவியின் தம்பி காசிமாயன் தன் மகன் கருத்தக்கண்ணனுக்குக் கேட்டார். இரண்டும் முறைதான், இரண்டும் உரிமைதான். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் மற்ற வீடு அப்புறம் வாசல் மிதிக்காது. இரண்டு வீட்டுக்கும் தென்னந்தோப்பு இருந்தது. "எந்தத் தோப்புக் கள்ளு ஒசத்தின்னு எந் நாக்கு சொல்லுதோ, அந்த வீட்டுக்கு எம்மக" என்று சொல்லிவிட்டார் விருமாண்டி.

அந்த நாக்கை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. காலையில் இறக்கியதா, மாலையில் இறக்கியதா, எவ்வளவு தண்ணீர் கலந்தது என்று ஒரு மடக்கில் சொல்லிவிடும். கலால் இன்ஸ்பெக்டரே அதைக் கேட்டுத்தான் கேஸ் எழுதுவார் என்று ஊரில் பேச்சு.

"ரெண்டு வீட்டு ஆளும் கலயத்தத் தொடக்கூடாது. எம்மகதான் ஊத்தி எங் கையில குடுக்கணும். எது யாருதுன்னு எவனும் வாயத் தொறக்கப்படாது!"

புள்ளி வைத்தது நல்லகாமன் வீட்டுக் கலயம். கோடு போட்டது கருத்தக்கண்ணன் வீட்டுக் கலயம். இரண்டுக்கும் நடுவில் சின்னத்தாய் குனிந்து நின்றாள். நல்லகாமன் கெட்டவன் இல்லை. ஆனால் சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறவன் போலத்தான் அவளைப் பார்ப்பான். கருத்தக்கண்ணன் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஊருக்கெல்லாம் 'ஏ புள்ள'யாக இருப்பவள், அவன் வாயில் மட்டும் சின்னத்தாய். இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னாலும், இது ஒரு காரணமா என்று சிரிப்பார்கள். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதனால், எல்லோரும் துண்டின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தபோது, முந்தியில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி கல்லுப்பைப் புள்ளிக் கலயத்தில் போட்டுக் கலக்கிவிட்டாள்.

முதல் ஓலைப் பட்டையில் அதைத்தான் ஊற்றினாள். விருமாண்டி மடக்கென்று குடித்தார்.

"அடியாத்தீ!" என்று தொடையில் தட்டினார் விருமாண்டி. "கள்ளா இது? நுரை நாக்குல மல்லியப்பூ மாதிரி உக்காருது! உள்ள போனப்பறம் ஒரு இனிப்பு வருது பாரு, இளநி வழுக்கையாட்டம்!"

நல்லகாமன் மீசையைத் தடவினான். ராமக்காள் குலவை போடப் போய், வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னத்தாய்க்குக் குடிக்காமலே தலை சுற்றியது. உப்பு கரையவில்லையோ? கலயம் மாறிப்போயிற்றோ?

இரண்டாவது பட்டையைக் குடித்துவிட்டு விருமாண்டி ஒரு நீண்ட ஏப்பம் விட்டார்.

"இதுவும் லேசுப்பட்டதில்ல. புளிப்பு முன்னால வந்து கும்பிடு போடுது. ஏ தாயி, மாத்தி மாத்திக் குடு. தீர்ப்பு சொல்லுறதுன்னா சும்மாவா?"

"மச்சான், ரெண்டு கலயமும் காலியாகட்டும்னு பாக்கிறீங்களா?" என்றார் காசிமாயன்.

"மாப்ள, இன்னைக்கு ஓசிக் கள்ளு. சும்மா இரு!"

அவள் மாற்றி மாற்றி ஊற்றினாள். விருமாண்டியின் தலை ஆட, கூட்டமும் சேர்ந்து ஆடியது. குடிக்காத கிழவர்கள்கூடத் தள்ளாடினார்கள். கடைசியாகக் கையிலிருந்த பட்டையை விருமாண்டி தலைக்குமேல் தூக்கினார்.

"இதுதான்! எவன் தோப்பா இருந்தாலும் சரி. இதுதான் கள்ளு!"

கோடு போட்ட கலயம்.

காசிமாயன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார். அந்த அமளியில் சின்னத்தாயின் கால் பட்டுப் புள்ளிக் கலயம் கவிழ்ந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ராமக்காள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனைத்தான் பிடித்து உலுக்கினாள். "மரத்துக்கு எரு போடு, எரு போடுன்னு எம்புட்டு தடவ சொன்னேன்! கேட்டியாடா?"

தள்ளாடிய தகப்பனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போகையில் சின்னத்தாய் மெல்லக் கேட்டாள்.

"அய்யா, மொதப் பட்ட... உப்புக் கரிக்கலையா?"

விருமாண்டி நின்றார். "உப்பா போட்ட? அடிக் கழுத!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போன வருசம் படுத்த காய்ச்சல்லயே எந் நாக்கு செத்துப்போச்சு தாயி. உப்புந் தெரியாது, ஒறப்புந் தெரியாது. வெளியில சொன்னா பொழப்பு போயிருமே! ஒஞ் சமையல ஒரு நாளாச்சும் கொற சொல்லியிருப்பனா?"

"அப்ப எத வச்சுய்யா தீர்ப்பு சொன்னீங்க?"

"ஒரு கள்ள நீட்டுறப்பல்லாம் சட்டுனு கைய எடுத்துட்ட. இன்னொண்ண நா இழுக்க இழுக்க விடாமப் பிடிச்சிருந்த. பாதி எம் வேட்டியிலதான் சிந்துச்சு. எத விட ஒனக்கு மனசில்லையோ, அதத்தான் ஒசத்தின்னேன்" என்றார் விருமாண்டி. "நேரா ஒன்னயக் கேட்டு, நீ ஒருத்தன வேணாம்னா, அந்த வீடு சாகுமட்டும் ஒன்ன மன்னிக்காது. அதான் தாயி, கள்ளுகிட்டக் கேக்குற மாதிரி ஒங்கிட்டக் கேட்டேன்."